சமைத்தவருக்கும் ஓர் இலை

பண்டிகை நாளில் வீட்டில் விருந்து வைப்பது வெறும் சாப்பாட்டு ஏற்பாடு அன்று. பொங்கலோ தீபாவளியோ, சமைத்தது முதலில் தெய்வத்துக்குப் படைக்கப்படுகிறது. பிறகு முன்னோரை நினைத்துக் காக்கைக்கு ஒரு பிடி வைக்கிறோம். அதன் பின்னரே இலை விரிகிறது. யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்ற இந்த வரிசைதான் உணவை வழிபாடாக்குகிறது. ஆனால் வரிசையின் கடைசி முனையைப் பற்றி நம் சமயப் பேச்சுகளில் அதிகம் கேட்பதில்லை. விடியற்காலை முதல் அடுப்படியில் நின்ற பெண், எல்லோரும் உண்டு எழுந்து, எச்சில் இலைகளை எடுத்து, தரையைத் துடைத்த பிறகு, ஆறிய சோற்றோடும் பாத்திரத்தின் அடியில் மிஞ்சிய கூட்டோடும் தனியாக உட்காருகிறாள். இதை அன்பு என்கிறோம், வழக்கம் என்கிறோம், சில வேளை தர்மம் என்றும் சொல்கிறோம். அது தர்மம்தானா என்பதே இங்கே கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சமைத்தவர் கடைசியாகவும் தனியாகவும் உண்ணும் விருந்து எத்தனை வயிற்றை நிறைத்தாலும், நம் அறநூல்கள் கேட்கும் விருந்தோம்பலாக அது நிறைவு பெறுவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வேண்டிய இடம் விருந்து நடக்கும் நேரம் அன்று, அதைத் திட்டமிடும் நேரம்.

விருந்தோம்பல் இந்த மண்ணில் இல்லறத்தின் உயிராகவே கருதப்பட்டிருக்கிறது. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரம் ஒதுக்கி, இல்வாழ்க்கையின் நோக்கமே வந்தவரைப் பேணுவதுதான் என்கிறார். விருந்தினரைத் தெய்வமாகக் கொள்ளும்படி தைத்திரீய உபநிடதம் மாணவனுக்கு அறிவுறுத்துகிறது. இல்லறத்தான் நாள்தோறும் செய்ய வேண்டிய ஐந்து பெருவேள்விகளில் மனிதருக்கு உணவிடுவதும் ஒன்று. இவற்றிலிருந்து நாம் பொதுவாக எடுத்துக்கொள்ளும் பாடம், வந்தவர் பசியோடு திரும்பக் கூடாது, முகம் கோணக் கூடாது என்பது. சரியான பாடம்தான். ஆனால் அதே நூல்கள் வீட்டுக்குள் இருப்பவரைப் பற்றியும் பேசுகின்றன. இல்லறத்தான் காக்க வேண்டியவர்களாகத் திருக்குறள் ஐவரைச் சொல்கிறது: முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், ஐந்தாவதாகத் தான். பிறரைக் காப்பதைப் போலவே தன்னைக் காப்பதும் அறம் என்று வள்ளுவர் எண்ணிக்கையில் சேர்த்தே சொல்லிவிட்டார். தன்னை வருத்தி அழித்துக்கொண்டு செய்யும் விருந்து இந்தக் கணக்கில் ஒன்று குறைந்த விருந்து.

உண்ணும் வரிசையைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது மனுஸ்மிருதி. பெண்ணை வாழ்நாள் முழுதும் தந்தை, கணவன், மகன் ஆகியோரின் காவலில் வைக்கும் ஒரு நூலை இந்த வாதத்துக்குத் துணையாக அழைப்பது பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். அழைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பழைய ஒழுங்கு என்ற பெயரில் இன்றைய வழக்கத்தைக் காப்பவர்கள் சுட்டும் ஒழுங்கு அந்த நூலிலேயே இல்லை. அதன் மூன்றாம் அத்தியாயம், புதிதாக மணமான பெண்கள், சிறுமியர், நோயாளிகள், கருவுற்ற பெண்கள் ஆகியோருக்கு, தயக்கமே இல்லாமல் விருந்தினருக்கும் முன்பாகவே உணவிட வேண்டும் என்கிறது. விருந்தினரைத் தெய்வமாக வைத்த அதே மரபு, உடல் நலிந்தவரின் பசியைத் தெய்வத்தின் பசிக்கும் முன்னால் வைத்திருக்கிறது. விருந்தினரும் உறவினரும் பணியாளரும் உண்ட பிறகு மிஞ்சியதை உண்ண வேண்டியவர் யார் என்பதற்கும் அங்கே விடை உண்டு: கணவனும் மனைவியும், இருவரும் சேர்ந்து. திருக்குறளிலும் விருந்தினரை உண்ணவைத்து மிஞ்சியதை உண்பவனாகப் போற்றப்படுவது விதைநிலத்துக்குரிய இல்லத்தலைவன்தான். கடைசியில் உண்பது என்ற நோன்பு ஆணுக்கும் உரியதாக, இருவருக்கும் பொதுவானதாகத்தான் எழுதப்பட்டது. அதில் பாதி எங்கோ கழன்றுபோய், மீதிப் பாதி மட்டும் மனைவியின் தலையில் நின்றுவிட்டது.

கழன்ற பாதியின் அளவை எண்களிலும் பார்க்கலாம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 6 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் 81.2 விழுக்காட்டினர் ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்டார்கள், ஆண்களில் 26.1 விழுக்காட்டினர். ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் அதில் செலவிட்டார்கள். இது சராசரி நாளின் கணக்கு. பண்டிகையில் வேலை கூடுகிறது; கூடும் வேலை ஏற்கெனவே சுமப்பவர் மேலேயே விழுகிறது. விடுமுறை என்ற சொல் வீட்டில் ஒருவருக்கு மட்டும் பொருந்தாமல் போகிறது. அரசு அலுவலகமும் பள்ளியும் கடையும் மூடப்பட்ட நாளில் ஒரே ஒரு பணியிடம் இரட்டை நேரம் இயங்குகிறது என்றால், அந்த நாளை யாருடைய பண்டிகை என்று சொல்வது?

யார் எப்போது சாப்பிட்டால் என்ன, இவ்வளவு சிறிய விஷயத்துக்கு அறம் வரை போக வேண்டுமா என்று கேட்கலாம். தமிழ்நாட்டின் வரலாறு இதைச் சிறிய விஷயமாகக் கருதியதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் தம்மைப் பின்பற்றியவர்களை ஒன்றாக அமர்த்தி உண்ணச் செய்தபோது, அதை வழிபாட்டின் பகுதியாகவே ஆக்கினார். 1920-களில் வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டதை எதிர்த்துப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கிளப்பிய கேள்வி, மாநிலத்தின் அரசியலையே திருப்பியது. சோறு ஒன்றாக இருந்தும் பந்தி வேறாக இருந்தால் அது அவமதிப்பு என்பதை அந்தப் போராட்டம் இந்தச் சமூகத்துக்குக் கற்றுக்கொடுத்தது. அந்த உணர்வின் தொடர்ச்சியாகச் சுதந்திர நாளிலும் அண்ணா நினைவு நாளிலும் நம் கோயில்களில் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் விருந்து நடக்கிறது. வெளிப்பந்தியில் யாரையும் பிரித்து உட்கார வைக்கக் கூடாது என்று ஏற்றுக்கொண்ட நாம், வீட்டுப் பந்தியில் ஒருவரை நாள்தோறும் பிரித்தே உட்கார வைக்கிறோம். கோயில் மண்டபத்தில் தவறு என்று தெரிந்தது, வீட்டுக் கூடத்தில் மட்டும் பண்பாடு ஆகிவிடாது.

பிற சமயங்களும் இந்த இடத்தில் இதையே சொல்கின்றன. பணியாளர் உணவைக் கொண்டுவந்தால் அவரை உங்களோடு உட்கார வையுங்கள், அது முடியாவிட்டால் ஓரிரு கவளமாவது அவருக்குக் கொடுங்கள், ஏனெனில் அதைச் சமைத்த வெப்பத்தைத் தாங்கியவர் அவர் என்று நபிகள் நாயகம் சொன்னதாக ஹதீஸ் உண்டு. சமைத்தவருக்கு உணவின் மேல் ஓர் உரிமை இருக்கிறது, அந்த உரிமை அடுப்பின் சூட்டிலிருந்து பிறக்கிறது என்பது அதன் கருத்து. வெளியிலிருந்து வந்த பணியாளருக்கே இது பொருந்தும்போது, வீட்டுக்குரிய பெண்ணுக்குப் பொருந்தாது என்று சொல்ல வழியில்லை. லூக்கா நற்செய்தியில், விருந்து வேலையில் பரபரத்த மார்த்தா, தன் சகோதரி மரியா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதைக் குறைசொன்னபோது, இயேசு மரியாவை எழுப்பிச் சமையலுக்கு அனுப்பவில்லை. விருந்து வந்திருக்கும்போது ஒரு பெண் உட்கார்ந்து கேட்பதை நல்ல பங்கு என்றே சொன்னார். சீக்கியர்களின் பொது உணவுக்கூடமான லங்கர் இதற்கு நிறுவன வடிவமே கொடுத்துவிட்டது. குருவைக் காண்பதற்கு முன் வரிசையில் அமர்ந்து உண்ண வேண்டும் என்பது குரு அமர்தாஸ் வகுத்த நெறி. அமிர்தசரஸ் பொற்கோயிலில் இன்று ஆணும் பெண்ணும் சேர்ந்து ரொட்டி தட்டுகிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள். பரிமாறியவர் பிறகு வரிசையில் அமர, வேறொருவர் அவருக்குப் பரிமாறுகிறார்.

இதற்கு வரும் வலுவான மறுப்பு அன்பின் பெயரால் வருவது. பிறர் உண்பதைப் பார்ப்பதே எனக்கு நிறைவு என்று பல பெண்கள் உண்மையாகவே சொல்கிறார்கள். அதைக் கொச்சைப்படுத்த எனக்கு உரிமை இல்லை. குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய புதுமணப்பெண், கண்ணில் தாளிப்புப் புகை படியச் சமைத்த குழம்பைக் கணவன் சுவைத்துப் பாராட்டும்போது முகம் மலர்கிறாள். விருந்தோம்ப முடியாமல் போனதைக் கண்ணகி தன் பெரிய இழப்புகளில் ஒன்றாகக் கோவலனிடம் சொல்கிறாள். பெண்ணுக்கு விருந்தோம்பல் சுமை மட்டும் அன்று, அவள் தன் வாழ்வில் பெருமையாகக் கொண்ட ஒன்றும் என்பதற்கு இவை சான்று. ஆனால் கண்ணகியின் சொல்லை இன்னொரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும். கணவன் பிரிந்திருந்த காலத்தில் விருந்தோம்ப முடியவில்லை என்பதே அவள் துயரம். இருவர் சேர்ந்தால்தான் நடக்கும் அறம் அது. குறுந்தொகைப் பாடலும் அவள் கையையும் கண்ணையும் முகத்தையும் கூர்ந்து கவனிக்கிறது. சமைத்தவரைப் பார்த்தபடி உண்ணும் கவனம் அதில் இருக்கிறது. அந்தக் கவனத்தைத்தான் நாம் இழந்திருக்கிறோம். ஒருவர் தாமாகத் தரும் தியாகம் அவருடைய புண்ணியம். அதை ஆண்டுதோறும் எதிர்பார்த்து, கேட்காமலேயே பெற்றுக்கொள்வது பெறுகிறவரின் புண்ணியமாகாது. கொடுப்பவரின் பெருந்தன்மையைக் காட்டி, பெறுபவரின் கடமையைத் தள்ளுபடி செய்ய முடியாது.

விருந்தோம்பலின் உச்சமாக நம் மரபு கொண்டாடும் இளையான்குடி மாற நாயனார் கதையும் இதையே காட்டுகிறது. பெருமழை பெய்யும் நள்ளிரவில் சிவனடியார் பசியோடு வருகிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. அன்று பகலில் விதைத்த நெல்லை வாரிவந்தால் சமைத்துத் தருகிறேன் என்று வழி சொல்பவர் மனைவி. இருட்டில் வயலுக்குப் போய் முளைநெல்லை அள்ளி வருபவர் நாயனார். விறகு இல்லாதபோது கூரை வரிச்சுகளை அறுத்துத் தருபவரும் அவரே. தோட்டத்துக் கீரையைப் பறித்து வருபவரும் அவரே. வறுப்பதும் குத்துவதும் சமைப்பதும் மனைவியின் பங்கு. அடியார் உண்ணாதவரை இருவரும் பசியோடுதான் இருக்கிறார்கள். சேக்கிழார் விரித்துச் சொன்ன இந்தக் கதையில் இறைவன் மகிழ்ந்தது ஒருவரின் உழைப்புக்காக அன்று, இருவர் ஒன்றாகத் தாங்கிய உழைப்புக்காகவும் பசிக்காகவும்தான். கணவன் கூடத்தில் உட்கார்ந்து கட்டளையிட, மனைவி மட்டும் மழையில் வயலுக்குப் போயிருந்தால், இதை நாம் பக்திக் கதையாகச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டோம்.

இன்னொரு மறுப்பு ஆசாரத்தைச் சொல்லி வரும். நைவேத்தியம் ஆகும்வரை யாரும் சுவைக்கக் கூடாது, விருந்தினரை வேலை செய்யச் சொல்லக் கூடாது, வரிசையைக் குலைத்தால் பண்டிகையின் புனிதம் கெடும் என்பார்கள். நைவேத்தியம் முதலில் என்பதில் யாருக்கும் பிணக்கில்லை. ஆனால் படைத்து முடித்த கணத்திலேயே அந்த உணவு பிரசாதமாகிவிடுகிறது. பிரசாதத்தைப் பெறுவதில் சமைத்தவரைக் கடைசியில் நிறுத்தும் விதி எதுவும் அதோடு கூடவே வருவதில்லை. விருந்தினரைப் பற்றிய அச்சமும் இரண்டு வேறு மனிதர்களை ஒருவராக எண்ணுவதால் வருவது. பழைய நூல்கள் தெய்வமாகக் கருதச் சொல்லும் அதிதி, முன்பின் தெரியாமல் வந்து ஓர் இரவு தங்கிச் செல்லும் வழிப்போக்கன். பொங்கலுக்கு ஊரிலிருந்து வரும் அண்ணனும் மைத்துனரும் மருமகனும் அத்தையும் அப்படிப்பட்டவர்கள் அல்லர். வள்ளுவரே விருந்தினரையும் சுற்றத்தையும் தனித்தனியாக எண்ணுகிறார். சுற்றத்தார் இந்த வீட்டு அறத்தில் பங்குதாரர்கள். அவர்கள் தேங்காய் துருவுவதும் பரிமாறுவதும் இலை எடுப்பதும் மரியாதைக் குறைவு ஆகாது. உரிமையுள்ள வீட்டில் உரிமையோடு இருப்பதே அது. உண்மையான அதிதி வந்தால் அவரை உட்கார வைத்துப் பரிமாறுவோம். நான்கு நாள் தங்கும் தம்பியை அதிதியாக்கி, தங்கையை அடுப்படியில் நிறுத்த வேண்டியதில்லை.

உணவு வகைகளின் எண்ணிக்கை குறைந்தால் மரபு தேய்ந்துவிடும் என்ற கவலையும் உண்டு. நம் பண்டிகைகளைக் கவனித்தால் ஒவ்வொன்றும் ஓரிரு உணவைத்தான் தன் அடையாளமாகக் கேட்கிறது. தைப்பொங்கல் கேட்பது புத்தரிசியும் வெல்லமும் பாலும் சேர்ந்த ஒரு பானை. விநாயகர் சதுர்த்தி கேட்பது கொழுக்கட்டை, நவராத்திரி கேட்பது சுண்டல், கார்த்திகை தீபம் கேட்பது பொரி. இருபது வகை பரப்பிய இலை கல்யாணத்தின் இலக்கணம். அங்கே அதைச் சமைப்பது கூலிக்கு அமர்த்திய சமையற்காரர்களின் குழு. அந்த இலையை ஒரே பெண்ணின் இரண்டு கைகளிடம் கேட்பதை நம் பண்டிகைகள் விதிக்கவில்லை. அடுத்த வீட்டோடு நாம் நடத்தும் போட்டிதான் விதிக்கிறது. வேலையை வெளியே கொடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கடையில் பலகாரம் வாங்குவதில் பாவம் ஒன்றுமில்லை. பல வீடுகளுக்கு அது நல்ல தீர்வு. ஆனால் சுமை இடம் மாறும்போது அறமும் கூடவே போக வேண்டும். இல்லறத்தான் தன்னையோ மனைவியையோ மகனையோகூட உணவில் சிக்கனப்படுத்தலாம், தனக்காக உழைக்கும் பணியாளை மட்டும் ஒருபோதும் சிக்கனப்படுத்தக் கூடாது என்கிறது ஆபஸ்தம்ப தர்மசூத்திரம். மனைவியை அது விட்டுக்கொடுப்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தப் பகுதி எனக்கு உடன்பாடும் இல்லை. ஆனால் அது காட்டும் காரணம், உழைத்தவரின் பசிக்கு முன்னுரிமை உண்டு என்பது, இன்று உழைப்பும் மனைவி என்ற உறவும் ஒருவரிடமே சேர்ந்திருக்கும் வீடுகளில் அவருக்குத்தான் முதலில் பொருந்துகிறது. பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணுக்கும் உணவைக் கொண்டுவந்து தரும் இளைஞருக்கும் அதே அளவில் பொருந்துகிறது.

எனவே திட்டமிடல் ஒரு சமயக் கடமை. என்ன சமைப்பது என்று தொடங்காமல், எல்லோரும் எத்தனை மணிக்கு ஒன்றாக உட்காருவது என்று தொடங்க வேண்டும். ஒரு மணி என்றால் சமைத்தவரும் ஒரு மணிக்கு உட்கார வேண்டும். அந்த நேரத்துக்குள் முடிகிற உணவே அன்றைய உணவு. அதிரசமும் முறுக்கும் சில நாள் முன்பே சுட்டு வைக்கக் கூடியவை. புளிக்காய்ச்சலை முந்தைய நாளே செய்யலாம். காய் நறுக்குவதும் தேங்காய் துருவுவதும் முந்தைய இரவு எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டே முடிக்கும் வேலை. சுடச்சுட எடுக்க வேண்டிய பூரி, தோசை போன்றவை ஒருவரை அடுப்பிலேயே கட்டிப்போடும். விருந்து நாளில் அவற்றைத் தவிர்க்கலாம். வடையும் அப்பளமும் படையலுக்கு முன்பே பொரித்து முடித்தால், சற்று ஆறியிருந்தாலும் குறையில்லை. இலைகள் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் போட்டு, பாத்திரங்களை நடுவில் வைத்து, எட்டாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் பரிமாறலாம். ஆட்கள் அதிகமாகி இரண்டு பந்தி தேவைப்பட்டால், சமைத்தவர் முதல் பந்தியில் அமரட்டும். முதல் பந்தியில் உண்டவர்கள் இரண்டாம் பந்திக்குப் பரிமாறட்டும். கருவுற்றவர், நோயாளி, குழந்தை, முதியவர் யாரும் வரிசைக்குக் காத்திருக்க வேண்டாம். அதற்கு மனுவின் ஒப்புதலே இருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு மிஞ்சியதைக் கட்டிக் கொடுக்காமல், படையல் முடிந்ததும் அவருடைய பங்கை முதலிலேயே எடுத்து வைக்கலாம். அன்று ஊதியத்தோடு விடுமுறை கொடுப்பது அதனினும் நல்லது.

இவற்றில் எதுவும் பக்தியைக் குறைப்பதில்லை. படையல் அதே இடத்தில் நிற்கிறது, காக்கைக்கு வைக்கும் பிடி அப்படியே இருக்கிறது, விருந்தினரின் முன்னுரிமையும் குறைவதில்லை. மாறுவது கடைசி முனை மட்டும். உணவைப் பகிர்ந்து உண்பதை அறங்களுக்கெல்லாம் தலையான அறமாக வைத்த மொழி நம்முடையது. பகிர்வு என்பதில் உழைப்பும் அடங்கும் என்று ஏற்றுக்கொண்டால் அந்தப் பெருமை முழுமை பெறும். வரும் பண்டிகைக்கு உங்கள் வீட்டில் பட்டியல் போடும்போது, முதல் வரியில் சமைக்கப்போகிறவரின் பெயரை எழுதுங்கள்; அவர் எப்போது, யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடப்போகிறார் என்பதை அதன் எதிரே எழுதுங்கள். அரிசி, வெல்லம், காய்கறிக் கணக்கை அதற்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.